காசில்லாமல் ஒரு நாள் – பிள்ளைகளோடு பார்க்க வேண்டிய வீடுகள்



நம்ம குழுக் கூட்டங்களில் கடன், வட்டி, சந்தா, தவணை என்று பேசி முடிக்கவே நேரம் சரியாகப் போய்விடுகிறது. பள்ளி லீவு விட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற பேச்சு கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நின்றுகொண்டுதான் வருகிறது. பீச்சுக்குப் போனால் ஐஸ்கிரீம், பலூன், பஜ்ஜி என்று கை கரைந்துவிடும். சினிமாவுக்கு நாலு பேர் போய் வந்தால் ஒரு மாதச் சேமிப்புத் தொகை போய்விடும். அதனால்தான் இந்த இதழில், நெட்டப்பாக்கம் கொம்யூனிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய நினைவு இல்லங்கள், அருங்காட்சியகம் பற்றி எழுதுகிறோம்.

"அங்கெல்லாம் படிச்சவங்கதானே போவாங்க, நமக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்கிற அக்காமார்கள் நிறைய பேர். இந்தத் தயக்கத்தை முதலில் இறக்கி வைக்க வேண்டும். அந்தக் கட்டடங்களை நடத்துவது அரசாங்கம். நாம் வாங்குகிற சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டுகிற வரியில்தான் அங்கே விளக்கு எரிகிறது. வாசலில் காவலர் உட்கார்ந்திருப்பார், சில இடத்தில் நோட்டில் பேரும் ஊரும் எழுதச் சொல்வார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு வைக்கத்தான் அந்த நோட்டு. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு பேங்கில் கணக்குத் திறந்த நமக்கு அது ஒரு விஷயமே இல்லை.

முதலில் பெருமாள் கோயில் தெரு. அங்கே 95ஆம் எண் வீடுதான் பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீடு, இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது. 1891 ஏப்ரல் 29 அன்று புதுச்சேரியில் பிறந்த சுப்புரத்தினம்தான், பாரதியார் மேல் கொண்ட பற்றால் பாரதிதாசன் ஆனார். பிழைப்புக்குச் செய்தது தமிழ் வாத்தியார் வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர், ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர். அவருடைய படங்கள், எழுத்துகள், புத்தகங்கள் அந்த வீட்டில் இருக்கின்றன. 'குடும்ப விளக்கு' என்ற நூலில் ஒரு குடும்பத் தலைவி விடிந்ததிலிருந்து இரவு வரை என்னென்ன செய்கிறாள் என்பதைப் பாட்டாகவே எழுதியிருக்கிறார். நாம் செய்கிற வேலையை ஒரு ஆம்பிளை உட்கார்ந்து கவனித்து எழுதினார் என்பதே பெரிய சங்கதி. அவர் 1964இல் காலமானார். 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. பாரதியார் குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. இதற்கும் கட்டணம் இல்லை. பாரதியார் 1908இல் இங்கே வந்தார். 'இந்தியா' பத்திரிகையில் எழுதியதற்காக வெள்ளைக்காரன் பிடித்துவிடுவான் என்ற நிலையில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. பத்து வருஷம் இங்கே இருந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் இந்த ஊர்க் காலத்தில் பிறந்தவை. 1918இல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பியவரைக் கடலூர் அருகே போலீஸ் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தது. நாம் ஆஸ்பத்திரிக்கும் கடைவீதிக்கும் போய்வருகிற அதே கடலூர்தான். அந்தக் காலத்தில் அது வேறு நாட்டு எல்லை.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் தேதி தேதியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் கொட்டாவி விடுவார்கள். பாரதியாருக்குத் தங்கம்மாள், சகுந்தலா என்று இரண்டு பெண் பிள்ளைகள், அவர்கள் புதுச்சேரித் தெருக்களில்தான் வளர்ந்தார்கள் என்று ஆரம்பியுங்கள். அவர்களோடு பழகிய யதுகிரி அம்மாள் என்ற பெண், பெரியவளான பிறகு அந்த நாட்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சகுந்தலாவும் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். பாரதியார் வீட்டுக்குள் எப்படி இருந்தார், அடுப்படியில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது இந்த மாதிரி வீட்டுப் பெண்கள் எழுதி வைத்ததால்தான். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் அவளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தத் தெருக்களில் பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. வாசலில் திண்ணை, மரத்தூண், உள்ளே போனால் தாழ்வாரம், நடுவில் முற்றம். நம்ம ஊரில் ஓட்டு வீடுகளை இடித்து ஒட்டுவீடு கட்டிவிட்டதால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முற்றம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. முன்னெல்லாம் மழைத் தண்ணி முற்றத்தில் விழும், நெல் காயும், பாட்டி அங்கே உட்கார்ந்துதான் புளி கொட்டை எடுப்பாள் என்று காட்டிச் சொல்ல ஒரு சந்தர்ப்பம்.

அடுத்து, பாரதி பூங்காவுக்கு எதிரில் செயின்ட் லூயி தெருவில் இருக்கிற அரசு அருங்காட்சியகம். இது மட்டும் முழு இலவசம் இல்லை, சின்னக் கட்டணம் உண்டு. ஒரு டீக்காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை லீவு. அந்தக் கட்டணத்தைக் கொடுத்து உள்ளே போகலாம் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் அரிக்கமேடு.

அரியாங்குப்பம் தாண்டி, ஆற்றங்கரையில் காக்காயன்தோப்புப் பக்கம் இருக்கிறது அரிக்கமேடு. பார்த்தால் தோப்பும் மண்மேடும்தான். 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டினார். பிறகு பிரெஞ்சுக்காரர் கசால், அப்புறம் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மாவின் குழு. கிடைத்தது என்ன தெரியுமா? ரோமாபுரியிலிருந்து கப்பலில் வந்த மது ஜாடிகளின் உடைசல், சிவப்பு நிறத்தில் மினுக்குகிற சாப்பாட்டுத் தட்டுகள், விதவிதமான மணிகள். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்தியவை. அந்த மேட்டில் உட்கார்ந்து கல்லை அறுத்து, துளை போட்டு, கோர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் நம்ம முன்னோர். மணி கோர்க்கிற தொழில் பயிற்சி எடுத்த நம் குழுப் பெண்கள் அந்த மணிகளின் துளையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இன்றைக்கு இருக்கிற மிஷின் எதுவும் இல்லாமல் அவ்வளவு பொடி மணியில் துளை போட்டது எப்படி என்று நமக்கு உடனே தோன்றும். மற்றவர்களுக்கு அது வெறும் மணி.

பானை ஓடுகளும் அப்படித்தான். உடைந்த பானையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களே என்று பிள்ளைகள் சிரிக்கும். கல்வெட்டு இல்லாத காலத்தில் ஊர் யாரோடு வியாபாரம் பண்ணியது என்று சொல்ல அந்த ஓடுதான் சாட்சி. மண் உடையும், ஆனால் மக்காது. நம்ம வில்லியனூர் பக்கத்து சுடுமண் வேலைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தத் தொழிலில் பேர் பெற்ற வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சுடுமண் பொம்மை செய்கிற குழுக்கள் அரிக்கமேட்டுப் பானையின் வாய் விளிம்பையும் கோலத்தையும் பார்த்துவிட்டு வந்தால் சந்தையில் விற்க ஒரு புது டிசைனாவது கிடைக்கும்.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இருக்கும். சாமி என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், எப்படிச் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் மெழுகில் முழு உருவமும் செய்வார்கள், விரல் நகம் உள்பட. அதன் மேல் மண்ணைப் பூசிப் பூசிக் காய வைப்பார்கள். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே அதே உருவத்தில் வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் அதேபோல் இன்னொன்று வராது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு சிலைக்கு முன்னால் பத்து நிமிஷம் தாராளமாக நிற்கலாம். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓட வேண்டாம். அறைக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தால் போதும். பிரெஞ்சுக்காரர் கட்டில், நாற்காலி, பல்லக்கு எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குப் பல்லக்கு பிடிக்கும், தூக்கியவர்கள் தோளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடக் கூடாது என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்து சிலருக்குக் கோபம் வருகிறது. கையில் இருக்கிற வியர்வையும் எண்ணெயும் உலோகத்தையும் கல்லையும் மெல்ல அரிக்கும். தினமும் நூறு பேர் தடவினால் மூக்கும் முழியும் தேய்ந்துவிடும். கோயில் தூணில் எண்ணெய் தடவித் தடவி முகம் போன சிலைகளை நாமே பார்த்திருக்கிறோம்.

வெளியே வந்தால் பாரதி பூங்கா. கட்டுச்சோறு பிரிக்க நல்ல நிழல். புளிசாதமும் துவையலும் கொண்டு போனால் ஓட்டல் செலவு மிச்சம். நடுவில் வெள்ளையாக நிற்கிறதே, அதுதான் ஆயி மண்டபம். நம்ம புதுச்சேரி அரசு சின்னத்தில் இருப்பதும் இதே மண்டபம்தான். ஆயி என்பவள் ஒரு தாசி. அவள் மாளிகையில் விளக்கு எரிந்ததைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டுவிட்டார், பிறகு உண்மை தெரிந்து கோபப்பட்டு இடிக்கச் சொன்னார், அவளே தன் வீட்டை இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. முத்திரையர்பாளையம் பக்கத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்தபோது, இந்தக் கதையைக் கேட்ட பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் எழுப்பப்பட்டது என்று சொல்வார்கள். கதையில் எவ்வளவு நிஜம் என்று பார்ப்பதைவிட, அரசுச் சின்னத்தில் இருப்பது ராஜாவின் மண்டபம் இல்லை, ஊருக்குத் தண்ணி கொடுத்த ஒரு பெண்ணின் மண்டபம் என்பது நமக்குப் பெரிசாகப் படுகிறது.

நகரம் வரை போக முடியாதவர்கள் நம்ம பக்கத்திலேயே பார்க்கலாம். பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போகிறவர்கள் பலர். அங்கே கல்லில் செதுக்கியிருக்கிற ஆடும் பெண்களை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? சுவரில் இருக்கிற எழுத்துகள் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். பல்லவர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டிலேயே, பாகூரில் ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களை எழுதி வைத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளையெல்லாம் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவரும் பாகூர்க்காரர்தான், பாகூர் சு. குப்புசாமி. அந்தத் தொகுப்பின் முதல் பாகம் 2006இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் மூலம் புத்தகமாக வந்தது. மதகடிப்பட்டு குண்டாங்குழி மகாதேவர் கோயிலும் சோழர் காலத்துக் கல் கோயில்தான். இந்த இடங்களுக்கெல்லாம் டிக்கெட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நினைவு இல்லங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு, அதோடு அரசு விடுமுறையும் உண்டு, மதியம் சாப்பாட்டு நேரத்தில் பூட்டும் இடங்களும் உண்டு. கிளம்பும் முன் யாரையாவது விட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். காலை பஸ்ஸுக்கே கிளம்பினால் இரண்டு வீட்டையும் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து டெம்போ கிடைக்கும். பிள்ளைகள் கையில் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் கொடுங்கள், பிடித்த ஒன்றை வரையட்டும். போன் இருந்தால் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், பல்லக்கையும் மரச் சாமானையும் பார்த்து அவர்கள் சொல்கிற கதை அங்கே எழுதி வைத்திருக்கிற பலகையைவிட நன்றாக இருக்கும். சாயந்திரம் 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகளைக் கையை விட்டு ஓட விடலாம். ஆனால் கடைசி பஸ்ஸை மனதில் வையுங்கள்.

கீழூரைச் சொல்லாமல் விட முடியாது. 1954 மார்ச் 31 அன்று நம்ம நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அதே வருஷம் அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல். பின்னாளில் முதலமைச்சரான வெங்கடசுப்பா ரெட்டியார் நம்ம மடுகரைக்காரர். வாக்கெடுப்பு நடந்த இடத்தில் நினைவிடம் இருக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். வருஷா வருஷம் ஆகஸ்ட் 16 அன்று அங்கே கொடியேற்றி விழா நடக்கும், கூட்டமும் போலீசுமாக இருக்கும். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு டாடா ஏஸ் பேசிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம்.