ஈரவெப்பச் சூழலில் சோள ஊறுகாய்ப்புல்லின் ஊட்டத்தரம்: திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மழைக்காலத்தில் மிகும் தீவனச்சோளத்தைக் காற்றுப்புகாமல் புளிக்கவைத்துக் கோடைக்குச் சேமிப்பதே ஊறுகாய்ப்புல். அறுவடை ஈரம், புரத அளவு, திறந்தபின் காற்றின் தாக்கம் ஆகிய மூன்றும் அதன் தரத்தை எவ்வாறு வரையறுக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தீவனச்சோளம், ஊறுகாய்ப்புல், உலர்பொருள், புரதம், கறவைமாடு

முன்னுரை

திருவண்ணாமலையைச் சூழ்ந்த ஊர்களில் பயிர்த்தொழிலோடு கறவைமாடு வளர்ப்பும் குடும்ப வருவாய்க்குத் துணைநிற்கிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகளின்போது பசுந்தீவனம் பெருகுகிறது, கோடையில் அருகுகிறது. அப்போது வைக்கோலையும் விலைக்கு வாங்கும் அடர்தீவனத்தையும் நம்ப நேர்வதால் பால் வருவாயின் பெரும்பகுதி தீவனச் செலவில் கரைகிறது.

அறுவடைப் பருவமும் ஈரமும்

சோளத்தண்டின் சர்க்கரையை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். மதிப்பு 4 அளவிற்குத் தாழும்போது தீவனம் கெடாது நிற்கிறது. இதற்கு உலர்பொருள் 30 முதல் 35 விழுக்காடு இருத்தல் நன்று. மணி மாவுப்பதம் அடையும் பருவம் ஏற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ (எஃப்.எஸ்) 29 போன்ற பலவெட்டு வகைகள் இளம்பசுமையில் அறுக்கப்படுவதால் ஈரம் மிகுந்தவை. அவற்றை அவ்வாறே அடைத்தால் சத்துநீர் வடிந்து, பியூட்ரிக் அமில நொதித்தல் தலைதூக்கும். துர்நாற்றம் வீசும் தீவனத்தை மாடு வெறுக்கும். எனவே வாட வைத்து அடைத்தல் வேண்டும். மழையால் அஃது இயலாவிடத்து, நறுக்கிய உலர்ந்த சோளத்தட்டையைக் கலக்கலாம்.

புரதமும் நச்சுக்கூறும்

ஊறுகாய்ப்புல்லாக்கம் சத்தைக் காக்குமேயன்றிக் கூட்டாது. தீவனத்தின் உலர்பொருளில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்குக் குறைந்தால் அசையூன் நுண்ணுயிரிகளின் செயல் தளர்ந்து, மாடு உண்ணும் அளவும் குறையும். முற்றிய சோளம் இவ்வெல்லையை ஒட்டியே நிற்பதால் வேலிமசால், அகத்தி, காராமணி போன்ற பயறுவகைத் தீவனங்களை உடன் அளித்தல் இன்றியமையாதது. இளஞ்சோளத்திலும் வறட்சியில் வாடிய சோளத்திலும் மிகும் ஹைட்ரோசயனிக் அமிலத்தின் இடர் புளிக்கவைப்பதால் தணிகிறது. எனினும் இளம்பயிரைத் தவிர்த்தலே பாதுகாப்பானது.

திறந்தபின் நேரும் இழப்பு

வெப்பமும் ஈரப்பதமும் மிக்க சூழலில், திறந்த குழியினுள் காற்றுப் புகுந்ததும் ஈசுட்டும் பூஞ்சையும் பெருகும். ஆகவே வெட்டுமுகத்திலிருந்து நாள்தோறும் 15 செ.மீ. அளவேனும் எடுக்க வேண்டும். இரண்டு மாடுகளுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ தேவையெனக் கொள்வோம். ஒரு கன மீட்டரில் 500 கிலோ அடங்குமாயின், ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உடைய முகத்திலிருந்து நாளொன்றுக்கு 6 செ.மீ. மட்டுமே குறையும். எஞ்சிய பகுதி உண்ணும் முன்பே கெடத் தொடங்கும். மாறாக, 100 கிலோ கொள்ளும் காற்றுப்புகா நெகிழிப்பை மூன்று நான்கு நாள்களில் தீர்ந்துவிடும்.

முடிவுரை

குழியின் கொள்ளளவு மந்தையின் அளவிற்கு ஏற்ப அமைதல் வேண்டும். இரண்டு மாடுகள் வளர்க்கும் குடும்பத்திற்குப் பைமுறையே பொருத்தம். உரிய பதத்தில் அறுத்து, பயறுவகைத் தீவனத்தோடு அளிக்கும்போதுதான் மழைக்காலச் சோளம் கோடைக்காலப் பாலாக மாறும்.