தொட்டுப் பார்த்து வாங்குவதா? தட்டிப் பார்த்து வாங்குவதா?



நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு சத்தம் நன்றாகப் பழகிவிட்டது. பொட்டலம் கொண்டு வரும் இளைஞரின் மோட்டார் சைக்கிள் சத்தந்தான் அது. துடைப்பத்திலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, பூச்சட்டியிலிருந்து உரம் வரை எல்லாமே கைத்தொலைபேசியில் தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகின்றன. 2012-இல் லசாடாவும் 2015-இல் ஷோப்பியும் நம் நாட்டில் வியாபாரம் தொடங்கின. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கடைத்தெருக்கள் அடங்கியபோது, அதுவரை தயங்கியவர்களும் இயங்கலையில் வாங்கக் கற்றுக்கொண்டார்கள்.

இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. டவுனுக்குப் போய் வரவே அரை நாள் பிடிக்கும் தோட்டங்களில், வீட்டுக்கே சாமான் வருவது பெரிய வசதிதான். ஆனால் எதைத் தட்டி வாங்கலாம், எதைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். அது தெரியாமல் நானே ஒருமுறை ஏமாந்தேன். அதைச் சொல்லியே தொடங்குகிறேன்.

முளைக்காத வெண்டை

எங்கள் பள்ளியில் ஒரு சிறு காய்கறித் தோட்டம் போட்டோம். பெற்றோர்கள் ஐந்தும் பத்துமாகக் கொடுத்த காசு அது. சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் விதை, ரப்பர்க் குழாய், கிளை வெட்டும் கத்தரிக்கோல் மூன்றையும் இயங்கலையில் வரவழைத்தேன். மாணவர்கள் மண் நிரப்பிய பைகளில் வெண்டை விதையை ஊன்றினார்கள். காலையும் மாலையும் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். பதினான்கு நாள் ஆயிற்று. ஒரு முளைகூட வரவில்லை. "சார், நாங்க தண்ணி அதிகமா ஊத்திட்டோமா?" என்று இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். குற்றம் என்னுடையது, பயந்தவளோ அவள். அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

பொட்டலத்தை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். படம் அழகாக இருந்தது. விதை எடுத்த தேதி இல்லை. காலாவதித் தேதி இல்லை. விற்றவர் முகவரியும் இல்லை. பிறகு டவுனில் உள்ள விதைக் கடையில் வாங்கிய வெண்டை ஐந்தாம் நாள் தலை காட்டியது.

அதே வேளையில் நியாயத்தையும் சொல்ல வேண்டும். டவுன் கடைகளில் கிடைக்காத அந்தக் கத்தரிக்கோல் இயங்கலையில்தான் கிடைத்தது. இன்றும் நன்றாக வெட்டுகிறது. ஆகவே இயங்கலை கெட்டது, கடை நல்லது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

விலைக் கணக்கு

குழாயின் கதையைக் கேளுங்கள். இயங்கலையில் விலை 25 வெள்ளி. அனுப்பும் கூலி 8 வெள்ளி. வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், எங்கள் பள்ளித் தண்ணீர்ப் பைப்பின் வாய் முக்கால் அங்குலம். குழாயோடு வந்த மூட்டு அரை அங்குலம். டவுனுக்குப் போய் 6 வெள்ளிக்கு வேறு மூட்டு வாங்கினேன். ஆகமொத்தம் 39 வெள்ளி. அதே தரத்தில் குழாயும் மூட்டும் சேர்ந்து இரும்புச் சாமான் கடையில் 36 வெள்ளி! பெட்ரோல் காசை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருளென்றால் இன்னொன்றும் உண்டு. 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்கள் இயங்கலையில் விற்கப்படும்போது, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி சேர்கிறது. ஆகவே திரையில் முதலில் தெரியும் விலையைப் பார்த்து மயங்காமல், பணம் கட்டும் இடத்தில் வரும் கடைசித் தொகையைப் பாருங்கள். அந்தத் தொகையைத்தான் கடை விலையோடு ஒப்பிட வேண்டும். உரம், மண், சிமெண்டுச் சட்டி போன்ற கனமான சாமான்களுக்கு எடைக்கேற்பக் கூலி ஏறும். அவற்றைப் பெரும்பாலும் பக்கத்தில் வாங்குவதே இலாபம்.

உயிருள்ள பொருள்

நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்று விளம்பரங்கள் வருகின்றன. வானவில் ரோஜா என்பது வெட்டிய பூவின் காம்பைச் சாய நீரில் வைத்து நிறமேற்றுவது. அதற்கு விதையே கிடையாது! ரோஜாவைப் பதியனிலும் ஒட்டுக்கட்டியும் வளர்ப்பதே வழக்கம்.

வெளிநாட்டிலிருந்து விதையோ செடியோ வரவழைக்க இறக்குமதி அனுமதி வேண்டும். நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஒரு பொட்டலம் விதைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்கலாம். பால்மரத்தை நம்பி வளர்ந்தவர்கள் நாம். ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசில் நாட்டில் தொடங்கிய மாபெரும் ரப்பர்த் தோட்டத்தை, தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் அழித்தது. காற்றிலும் செடியிலும் ஒட்டிப் பரவும் பூஞ்சணம் அது. அந்த நோய் இங்கே நுழையாமல் இன்றுவரை காத்து வருகிறோம். தெரியாத பொட்டலத்தில் எது ஒளிந்து வரும் என்று யார் கண்டார்?

உள்ளூர்க் கடையிலும் பழைய விதை இருக்கலாம். அதற்கு ஒரு சோதனை உண்டு. பத்து விதைகளை ஈரத் துணியில் சுற்றி, காயாமல் ஒரு வாரம் வையுங்கள். ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. மூன்று நான்குதான் முளைத்தால் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

விஷமுள்ள பொருள்

இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். என் தாயார் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர். அந்த வேலை செய்தவர்களின் நகமும் தோலும் பட்ட பாடு தோட்டத்தில் பலருக்கு நினைவிருக்கும். அக்காலத்தில் அடித்த களைக்கொல்லிகளில் ஒன்று பாராகுவாட். 2002-இல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது, 2006-இல் தளர்த்தப்பட்டது, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எத்தனையோ பேர் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது.

அண்மையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், இயங்கலையில் மலிவாக வாங்கிய களைக்கொல்லிப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். "வாத்தியாரே, இதில் எவ்வளவு தண்ணீர் கலப்பது?" என்று கேட்டார். புட்டியில் புரியாத மொழியில் நாலு வரி. பதிவு எண் இல்லை. 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, இங்கே விற்கும் ஒவ்வொரு மருந்தும் பதிவு பெற வேண்டும். புட்டியில் எல்.ஆர்.எம்.பி. என்ற எழுத்துகளோடு பதிவு எண் இருக்கும். அது இல்லாவிட்டால் மூடியைத் திறக்கவே வேண்டாம். பெரியவர் புட்டியைத் திறக்காமல் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றம் அல்லவா?

மின்சாரச் சாமான்களும் அப்படித்தான். புல்வெட்டி, தண்ணீர்ப் பம்பு, விளக்கு எதுவானாலும் சிரிம் முத்திரையும், நம் வீட்டுச் சுவருக்குப் பொருந்தும் மூன்று சதுர முனைச் செருகியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தவுக்கேயின் ஐந்து நிமிடம்

டவுன் கடைத் தவுக்கே குழாயை விற்கும்முன், "வீட்டு பைப்பு எந்த சைஸ்?" என்று கேட்பார். பொருந்தாவிட்டால் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். விதைக் கடைக்காரருக்கு நம் வட்டாரத்து மண்ணும் மழையும் தெரியும். அவர் பேசும் அந்த ஐந்து நிமிடமும் பொருளின் விலையில் அடக்கம். கடையில் யோசனை கேட்டுக்கொண்டு இயங்கலையில் வாங்கினால், அந்தக் கடை எத்தனை நாள் நிற்கும்? அவசரத்துக்கு ஓர் ஆணி வேண்டுமென்றாலும் மூன்று நாள் காத்திருக்கும் நிலை வரும்.

கடைக்காரர்களும் ஒன்று உணர வேண்டும். விலை ஒட்டாமல், ரசீது கொடுக்காமல், தூசு படிந்த சரக்கை நீட்டினால் வாடிக்கையாளர் போகத்தான் செய்வார்.

ஏமாந்தால் என்ன செய்வது?

இயங்கலையில் வாங்கும்போது விற்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் தெரிகின்றனவா என்று பாருங்கள். 2013 ஜூலையிலிருந்தே இவற்றைக் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. தளத்துக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே பிள்ளைகளை விட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள். சோதித்துப் பார்க்கும் முன் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.

மோசடிக்காரரிடம் பணம் போய்விட்டால் உடனே 997 எண்ணை அழையுங்கள். தரமற்ற சரக்கைத் தந்துவிட்டுப் பணத்தைத் திருப்ப மறுத்தால், திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அவரைத் தேடிப் பிடிப்பது கடினம் என்பதையும் மறவாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று ஆசை காட்டுகிறார்கள். தோட்டக்கடையில் பற்று எழுதி, சம்பள நாளன்று கையில் காசில்லாமல் திரும்பிய நம் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். அன்று பற்றுப் புத்தகம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அது கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

சுருங்கச் சொன்னால், உயிருள்ளது, விஷமுள்ளது, கனமானது, அளவு பொருந்த வேண்டியது ஆகியவற்றைப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். மின்சாரச் சாமானை எங்கே வாங்கினாலும் முத்திரை பார்த்து வாங்குங்கள். டவுனில் கிடைக்காத கருவியையும், கெட்டுப்போகாத சிறு சாமானையும் இயங்கலையில் தாராளமாக வரவழையுங்கள்.

எங்கள் பள்ளி வெண்டை காய்த்துவிட்டது. அந்தச் சிறுமி முதல் காயைப் பறித்து வீட்டுக்குக் கொண்டு போனாள். அவள் ஊற்றிய தண்ணீரில் குறையில்லை என்பதை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.