இறாலின் தலையும் ஐதரசன் பிணைப்பும்



மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலையிற் பட்ட இறால் வீட்டுக்கு வந்ததும், என் தாயார் முதலில் அதன் தலையைக் கிள்ளி எறிவார். ஏனென்று கேட்டால், “அது அப்பிடித்தான் மனே” என்பதே விடை. ஒருமுறை ஒரு வைபவத்துக்கு வாங்கிய இறாலை, நான் பனிக்கட்டியுமின்றித் தலையோடு மத்தியானம் வரை வைத்துவிட்டேன். தசை குழைந்து கூழாயிற்று. வலைஞன் ஒருவனுக்கு இவ்வாறு நேர்ந்தால் ஓர் இரவின் உழைப்பே வீணாகும்.

கலைப்பட்டதாரியாகிய எனக்கு இதன் காரணத்தை விளக்கியவர் எங்கள் இரசாயன ஆசிரியர். இறாலின் சமிபாட்டுச் சுரப்பி தலைப்பகுதியிலேயே உள்ளது. உயிர் நீங்கியதும் அங்குள்ள திரிப்சின் முதலிய நொதியங்கள் கசிந்து, தசைப் புரதத்தை அறுக்கத் தொடங்குகின்றன.

எவ்வாறு அறுக்கின்றன? திரிப்சினின் குழிவினுள் செரீன், இஸ்திடீன், அஸ்பாட்டிக் அமிலம் என்னும் மூன்று உறுப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. செரீனின் ஒட்சிசன் புரதச் சங்கிலியைத் தாக்கும்போது, அதன் ஐதரசனை இஸ்திடீன் ஏற்கிறது. அந்த இஸ்திடீனை ஐதரசன் பிணைப்பொன்றினாற் பின்னின்று தாங்குவது அஸ்பாட்டிக் அமிலம். 1987-இல் ஆய்வாளர் திரிப்சினில் அவ்வமிலத்தை மாற்றிப் பார்த்தபோது, வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்தது.

ஐதரசன் பிணைப்பு நீருக்குள்ளும் உண்டு; ஆனால் அது மெலிந்தது. அங்கே இரு ஒட்சிசன் அணுக்களுக்கிடையே ஏறத்தாழ 2.8 அங்ஸ்ட்ரோம் தூரம். ஓர் அங்ஸ்ட்ரோம் என்பது சென்ரிமீற்றரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அத்தூரம் 2.5-க்குக் கீழே சுருங்கினால், ஐதரசன் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதாகாது, இருவருக்கும் பொதுச் சொத்தாகிவிடும். பிணைப்பும் பன்மடங்கு வலுக்கும். தாக்குதல் நிகழும் கணத்தில் நொதியத்தினுள் இத்தகைய வலிய பிணைப்பு உருவாகி, அதன் சக்தியே வினையை விரைவுபடுத்துகிறது என்று 1994-இல் அமெரிக்க அறிஞர்களான கிளீலண்டும் கிரீவோயும் கூறினர். அதே ஆண்டில் பிரே என்பாரும் துணைவர்களும், திரிப்சினின் இனத்து நொதியங்களில் அஸ்பாட்டிக் அமிலத்துக்கும் இஸ்திடீனுக்கும் இடையே அதனைக் கண்டதாக எழுதினர்.

அடுத்த ஆண்டே வார்செலும் அவருடைய துணைவர்களும் மறுத்தனர். நீரில் மின்னேற்றம் ஒன்று தோன்றினால் சூழவுள்ள மூலக்கூறுகள் அதன் பக்கம் திரும்பி ஒழுங்காக வேண்டும்; அதற்குச் சக்தி செலவாகும். நொதியத்திலோ எல்லாம் முன்னரே ஒழுங்காயிருக்கின்றன. ஆதலால் சாதாரண ஐதரசன் பிணைப்பே போதும், அசாதாரண வலிமை வேண்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். கலியாணப் பந்தலில் இருக்கைகளை முன்னரே வரிசைப்படுத்தி வைத்தால் விருந்தினர் அலையமாட்டார்கள் அல்லவா! அதனாலோ என்னவோ, என் மனம் இவ்வாதத்தின் பக்கமே சாய்கிறது. பிணைப்பு இன்றியமையாதது என்பதில் எவருக்கும் ஐயமில்லை; அதன் வலிமை எவ்வளவு என்பதே வழக்கு.

இறாலைக் கொதிநீரில் இட்டால், நொதியத்தை மடித்து வைத்திருக்கும் மெலிந்த பிணைப்புகள் பல அறுந்து அதன் உருவம் குலைகிறது. பிறகு அறுக்கும் வேலை நடவாது. பனிக்கட்டியோ நொதியத்தின் வேகத்தைத் தணிக்குமேயன்றி அதனை அழிப்பதில்லை. எங்கள் வீட்டில் இப்போது பனிக்கட்டி இருந்தாலும் தலையைக் கிள்ளிய பின்னரே இறாலை வைக்கிறோம்.