புனிறும் சீம்பாலும்

ஈன்றணிமையைக் குறிக்கும் ‘புனிறு’ என்னும் சொல்லைத் தொல்காப்பியம் உரியியலில் விளக்குகிறது. அண்மையில் கன்று ஈன்ற பசுவைச் சங்கப் புலவர் ‘புனிற்றா’ என்றனர். அச்சிறு பொழுதுக்கெனத் தனிச்சொல் கண்ட நம் முன்னோரின் நுட்பத்தை இன்றைய கால்நடை அறிவியலும் மெய்ப்பிக்கின்றது.

பேரா மாநிலத்தில் தென்னைக்குப் பெயர்பெற்ற பாகான் டத்தோ, 2017ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. இத்தகைய தோட்டப்புறங்களில் குடியேறிய தமிழர், பசு வளர்க்கும் வழக்கத்தையும் உடன் கொணர்ந்தனர். அவ்வழக்கத்தோடு வந்த நம்பிக்கைகளுள் ஒன்றை ஈண்டு ஆராய்வோம். இளங்கொடி விழுமுன் கன்றுக்குப் பால் ஊட்டலாகாது என்பதே அது.

பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்திற்கு வரும். அந்நிலை ஒரு நாளும் நீடியாது. அது முடிந்து 10 அல்லது 12 மணி நேரம் கழிந்தே கருமுட்டை வெளிப்படும். ஆதலின், காலையில் பருவக்குறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் காளையுடன் சேர்ப்பர்; அல்லது சினை ஊசி போடுவர். சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாட்களும் ஆகும். கடைசி இரண்டு மாதம் கறவையை நிறுத்தினால் மடி ஓய்வு பெறும். ஈனுங்காலத்தில் நல்ல சீம்பால் சுரக்கும்.

சீம்பாலின் தேவை யாது? மனிதத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே கருவிலுள்ள குழந்தையை அடைகின்றன. பசுவின் நஞ்சுக்கொடியோ அவற்றைக் கடத்துவதில்லை. எனவே, கன்று அக்காப்பு இன்றியே பிறக்கிறது. அக்காப்பு முழுவதும் சீம்பாலில் உள்ளது. அதனைச் சிதைக்காமல் உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ ஒரு நாளே உண்டு. அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும்.

இளங்கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம்வரைகூட ஆகலாம். அதுவரை கன்றைக் கட்டிவைப்பது, அதன் காப்பைப் பறிப்பதாகும். மேலும், கன்று முட்டிக் குடிக்கும்போது தாயுடலில் ஊறும் சுரப்பு, பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்து, கொடி விழவும் துணைபுரிகிறது. ஆகவே, அந்நம்பிக்கை காரணத்தைத் தலைகீழாக்கிக் கொண்டதாகும்.

பிறந்த இரண்டு மணி நேரத்திற்குள் முதல் ஊட்டுத் தருதல் நன்று. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டரேனும் வேண்டும். அயலாருக்குச் சீம்பால் பகிர்ந்தளிப்பது நல்ல பண்பே. எனினும், கன்று வயிறார உண்டபின் எஞ்சியதையே பகிர்தல் வேண்டும்.