நடுவரும் சோழியும்

ஞாயிறு மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் ஆறு பேர் கூடுகிறோம். நடுவே ஒரு பாய். அதன்மேல் கட்டமிட்ட தாள், பென்சில்கள், ஒரு குறிப்பேடு, ஆறு சோழிகள். தெருவில் போகிறவர்கள் நாங்கள் தாயம் ஆடுவதாக எண்ணிக்கொள்வார்கள். நாங்களோ 1772-ஆம் ஆண்டுத் திண்டுக்கல்லில் இருப்போம்.

மாணவ நண்பர்களே, இது வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு. ஆனால் ஒப்பனையும் மேடையும் இதற்கு வேண்டுவதில்லை. ஒருவன் பாளையத்து வீரன், ஒருவன் கொல்லன், ஒருத்தி மருத்துவச்சி என ஐவரும் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். நான் நடுவர். “மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நிற்கிறீர்கள். இரவு. மேலே காவலரின் பந்தம் தெரிகிறது. என்ன செய்வீர்கள்?” என்று கேட்பேன். அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு சொல்வார்கள். அந்த முயற்சி பலிக்குமா என்பது ஐயமாக இருந்தால் சோழி உருளும்.

இக்கலை பிறந்த ஊர் வேறு. 1824-இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகள் வரைபடத்தின்மேல் போர்ப் பயிற்சி செய்தபோது, இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவரை வைத்துக்கொண்டார்கள். அந்த நடுவர்தான் எனக்கு மூதாதை. பின்னர் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர், படைகளை விட்டுத் தனி மனிதர்களை நடத்தும் ஆட்டத்தை 1970-களின் தொடக்கத்தில் நண்பர்களோடு ஆடினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பெயரில் மூன்று சிறு நூல்களை ஒரு பெட்டியில் இட்டு வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை 1000 பெட்டிகளே. பிற்காலத்தில் பலர் கதையை முன்கூட்டியே எழுதி வைத்து, ஆடுவோரை அதன் வழியே நடத்தலாயினர். எனக்குப் பிடித்தது பழைய முறை. அதில் நடுவர் உலகத்தை அமைப்பார், கதையை அமைக்கமாட்டார்.

உலகத்தை அமைக்க நான் தொலைவு போகவில்லை. திண்டுபோல் கிடக்கும் நம் ஊர்ப் பாறையும், அதன்மேல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் எழுப்பிய கோட்டையும் கண்முன்னே இருக்கின்றன. 1772-இல் திண்டுக்கல் ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டில் காளையார்கோவில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார், விருப்பாச்சிக் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். கன்னிவாடி, இடையகோட்டை, அம்மையநாயக்கனூர் என்று சுற்றிலும் பாளையங்கள். ஒரு பாளையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓலை கொண்டுபோகும் எளிய மனிதருக்கு இதைவிடப் பெரிய உலகம் எதற்கு?

தாளை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டம் ஐந்து மைல் என்று வைத்திருக்கிறேன். சமவெளியில் நாளொன்றுக்கு மூன்று கட்டம் நடக்கலாம்; சிறுமலையில் ஒன்றுதான். சென்ற நாள், மீதமுள்ள அவல், பந்தத்துக்கான எண்ணெய் அனைத்தும் குறிப்பேட்டில் ஏறும். இக்கணக்கைச் சலிப்பென்று விட்டுவிட்டால் ஆட்டத்தில் அச்சமே இராது. எண்ணெய் தீரும் என்பதனால்தான் குகைக்குள் இன்னும் பத்தடி போகலாமா என்ற கேள்விக்கு உயிர் வருகிறது.

அமெரிக்கர்கள் இருபது முகப் பகடை உருட்டுவார்கள். அதில் எந்த எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றே. சோழியின் குணம் வேறு. ஆறு சோழிகள் 64 வகையாக விழக்கூடும். அவற்றுள் சரிபாதி மல்லாந்து விழுபவை 20, ஆறும் கவிழ்ந்து விழுவது ஒன்றே ஒன்று. (சோழி நாணயம்போல் இருபுறமும் ஒத்தது என்று கொண்ட கணக்கு இது. உங்கள் வீட்டுச் சோழிகளை நூறு முறை உருட்டி எழுதிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.) கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவனுக்கு இரண்டேனும் மல்லாந்தால் போதும் என்பேன், 64-இல் 57 வாய்ப்பு. கயிறின்றி இருளில் ஏறுகிறவனுக்கு நான்கு வேண்டும். வாய்ப்பு 22 ஆகக் குறைகிறது. இதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். கயிறு தேடுவதா துணிவதா என்பது அவர்கள் பொறுப்பு.

ஒருநாள் நானே இம்முறையைக் கெடுத்தேன். கொல்லன் கயிற்றோடு ஏறினான், ஒன்றே மல்லாந்தது. எட்டு மாதம் அந்தப் பாத்திரத்தை வளர்த்த பையனின் முகத்தைப் பார்த்தேன். சோழிகளை அள்ளுவதுபோல் கையால் மறைத்து, “இரண்டு” என்றேன்.

அதன்பின் ஆட்டம் தளர்ந்தது. கயிறு வாங்குவாரில்லை, காவலரின் நடமாட்டத்தை விசாரிப்பாரில்லை. கண்ட குகைக்குள் எல்லாம் நேரே நுழைந்தார்கள். காரணம் விளங்காமல் கேட்டேன். மருத்துவச்சியாக ஆடும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அன்றைக்கு விழுந்தது ஒன்றுதான் சார். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். நீங்கள் எங்களைச் சாகவிடமாட்டீர்கள் என்று தெரிந்துபோயிற்று.”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அன்று முதல் சோழி பாயின் நடுவே, எல்லார் கண்ணெதிரிலும் உருள்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. மூன்றாம் வாரம் சிறுமலைச் சரிவில் அதே கொல்லன் விழுந்து இறந்தான். பையன் சற்று நேரம் பேசவில்லை. மற்ற நால்வரும், ஓலை ஒருநாள் பிந்தினாலும் சரி என்று, அங்கேயே தங்கி அவனை அடக்கம் செய்தார்கள். அதற்கு அவல் கணக்கில் ஒருநாள் குறைந்தது. பையன் இப்போது அந்தக் கொல்லனின் தம்பியாக வந்திருக்கிறான். முதல் வேலையாக நாற்பது முழம் கயிறு வாங்கினான்.