கோடையும் தன்னிறைவும்

உழவர் வாழ்வில் கோடையை ஓய்வுக் காலம் என்று கருதுவோர் உளர். கதிரறுத்துக் களந்தூற்றிப் பொலி வீடு சேர்ந்துவிட்டது. நிலம் வெடித்துக் கிடக்கின்றது. பங்குனி, சித்திரைத் திங்கள்களில் உழவர்க்குச் செய்வதற்கு என்ன இருக்கின்றது என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது. சிறு நிலமுடைய ஒரு குடும்பம் தன் காலில் நிற்குமா, அன்றிக் கடனுக்குப் பிறர் வாயிலில் நிற்குமா என்பது பெரும்பாலும் கோடையிலேயே முடிவாகின்றது.

தன்னிறைவு என்பது வேண்டுவன அனைத்தையும் வீட்டிலேயே ஆக்கிக்கொள்வதன்று. உப்பும், துணியும், மருந்தும், பிள்ளைகளின் நூல்களும் எந்நாளும் வெளியிலிருந்தே வருவன. உணவு, விதை, தீவனம், எரு ஆகிய நான்கிற்கும் கடன்படாது ஓர் ஆண்டைக் கடந்துசெல்லும் ஆற்றலே சிறு குடும்பத்தின் தன்னிறைவு ஆகும். இந்நான்கும் கோடையில் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதைக் கொங்கு நாட்டுக் குடும்பம் ஒன்றை முன்வைத்துக் காண்போம்.

காங்கயத்தைச் சூழ்ந்த பகுதி வானம் பார்த்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுகின்றது; பாலக்காட்டுக் கணவாய் வழியே மழையைவிடக் காற்றே மிகுதியாக வருகின்றது. ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்து முடிந்துவிடும். சித்திரை, வைகாசியில் இரண்டொரு கோடை மழை பெய்தால் அது நல்ல ஆண்டு.

இந்நாட்டில் ஐந்து ஏக்கர் நிலமுடைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். கணவன், மனைவி, முதிய தாய், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். கிணற்றுப் பாசனமுள்ள தோட்டம் ஒன்றரை ஏக்கர். மழையை நம்பிய காடு ஒன்றரை ஏக்கர். கால்நடை மேயும் கொறங்காடு இரண்டு ஏக்கர். தோட்டத்தின் நடுவே சாளை எனப்படும் வீடு. தொழுவில் காங்கயம் பசு ஒன்றும் கிடாரி ஒன்றும் நிற்கின்றன. பட்டியில் ஆடுகள் பத்து.

முதற்கண் நிலத்தைக் காண்போம். சித்திரையில் ஒரு மழை பெய்து மண் இளகியவுடன் கோடை உழவு நடைபெறும். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு உழுதால் பின்வரும் மழைநீர் உழவுச்சால் வழியே ஓடிவிடும்; ஆதலால் சரிவுக்குக் குறுக்கே உழுவர். இவ்வுழவினால் விளையும் நன்மைகள் மூன்று. மண்ணுள் மறைந்திருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் மேலே புரண்டு வெயிலில் மாயும்; பறவைகளுக்கும் இரையாகும். களைகளின் வேர் காய்ந்து போகும். அடுத்த மழை வழிந்தோடாது மண்ணுள் இறங்கும். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டா என்பது வள்ளுவர் கருத்து. கோடை வெயில் உழவனுக்குப் பகையன்று, துணையே என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

எனினும், ஆண்டுதோறும் விளைச்சலைக் கொடுக்கும் மண்ணுக்கு நாமும் சிறிது கொடுத்தல் வேண்டும். கோடையில் குளங்கள் வற்றுகின்றன. அவற்றின் அடியில் படிந்த வண்டலை உரிய இசைவு பெற்று எடுத்துவந்து மேட்டு நிலத்தில் பரப்பினால் மண் நீரைப் பிடித்துவைக்கும் திறன் பெறும். இரவில் ஆடுகளைக் காட்டில் பட்டியடைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை பட்டியை இடம் மாற்றிக்கொண்டே சென்றால், புழுக்கையும் சிறுநீரும் நிலமெங்கும் சேரும். அவற்றை வெயிலில் நெடுநாள் விட்டுவைத்தால் சத்தின் ஒரு பகுதி காற்றோடு கலந்துவிடும். ஆதலால் விரைவில் உழுது மண்ணால் மூடுதல் நன்று. சாணத்தைத் திறந்த குப்பையாகக் கொட்டாது குழியிலிட்டு மண்மூடி வைப்பதும் இக்காரணம் பற்றியே ஆகும்.

அடுத்தது நீர். இக்குடும்பத்தின் கிணற்றில் சித்திரையில் நாளொன்றுக்கு 2,000 லிட்டர் ஊறுகின்றது எனக் கொள்வோம். மனிதர்க்கும் கால்நடைக்கும் 500 லிட்டர் போக எஞ்சுவது 1,500 லிட்டர். கோடையில் பயிருள்ள நிலம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை இழக்கின்றது. அஃதாவது ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஏறத்தாழ 40 சதுர மீட்டர் கொண்ட ஒரு சென்ட் நிலத்திற்கு 200 லிட்டர். இக்கணக்கின்படி 1,500 லிட்டர் நீர் ஏழரை சென்ட் நிலத்திற்கே போதும். இதனை அறியாது அரை ஏக்கரில் பயிர் செய்பவன் அரை ஏக்கரையும் வாடவிடுவான். அறிந்தவன் ஏழு சென்டில் கீரையும், கத்தரியும், வெண்டையும், கொத்தவரையும் பயிரிட்டு, வேரடியில் சருகும் வைக்கோலும் பரப்பி, மாலைதோறும் நீர் விட்டு, வீட்டுக் கறிக்குக் குறைவின்றிப் பார்த்துக்கொள்வான். குளித்த நீரும் கலம் கழுவிய நீரும் வாழைக்கும் முருங்கைக்கும் செல்லும். நிலத்திற்கேற்ற நீரைத் தேடி அலையாது, நீருக்கேற்ற நிலத்தை வரையறுத்துக்கொள்வதே கோடையின் முதற்பாடம்.

அண்டை நிலத்தார் நூற்றுக்கணக்கான அடி ஆழ்துளையிட்டு நீர் இறைப்பதைக் காணும்போது, கடன் வாங்கியேனும் தாமும் அவ்வாறு செய்யலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. இவ்விடத்து ஒரு தமிழரின் அறிவுரை நினைக்கத்தக்கது. தஞ்சையில் 1892இல் பிறந்து, காந்தியடிகளோடு கிராமத் தொழில்களின் வளர்ச்சிக்கு உழைத்து, 1960இல் மறைந்தவர் ஜே. சி. குமரப்பா. நிலைத்த பொருளாதாரம் பற்றி அவர் எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. எடுக்க எடுக்கக் குறையும் கனிவளங்களைச் சார்ந்த வாழ்வு ஒன்று. மழையும் வெயிலும்போல ஆண்டுதோறும் வருவனவற்றைச் சார்ந்த வாழ்வு மற்றொன்று. பின்னதே நிலைக்கும் என்பது அவர் கருத்து. ஆண்டு மழையால் ஊறும் திறந்த கிணற்றின் நீர் வரவு போன்றது. பாறையின் ஆழத்தில் நெடுங்காலமாகத் தேங்கிய நீரோ முதல் போன்றது. முதலை உண்டு வாழும் குடும்பம் நெடுநாள் வாழாது. ஆதலால் நீர் அடியில் நிற்கும் கோடையிலேயே உள்ள கிணற்றைத் தூர்வாரி, வரும் மழைநீர் அதில் தங்க வழிசெய்வதே அறிவுடைமை.

மூன்றாவது தீவனம். கொறங்காடு என்பது வெறுந்தரிசு அன்று. முன்னோர் வகுத்த மேய்ச்சல் நிலம். அதனைச் சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்தபோது வெள்வேலங்காய் முதிர்ந்து உதிரும். ஆடுமாடுகள் அதனை விரும்பித் தின்னும். காங்கயம் மாடுகள் குறைந்த தீவனத்திலும் உரங்குன்றாது நிற்பதற்கு இத்தகைய நிலங்களில் பழகி வளர்ந்ததும் ஒரு காரணமாகும்.

மேய்ச்சல் மட்டும் போதாது. தைத் திங்களில் சோளம் அறுத்தவுடன் தட்டைப் போராக அடுக்கும்போதே கணக்கிடுதல் வேண்டும். மேய்ச்சலுக்கு மேலாக மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ தட்டு எனக் கொண்டால், இரண்டு மாடுகளுக்கு 120 நாட்களுக்கு 1,200 கிலோ வேண்டும். இக்கணக்கின் அருமை வைகாசியில் விளங்கும். அப்போது மாட்டுத் தரகர் வாயிலில் வந்து நிற்பார். ஊரெங்கும் தட்டுக் குறைந்திருக்கும். பலரும் மாடுகளை விற்க முற்பட்டிருப்பர். ஆதலால் விலையும் தாழ்ந்திருக்கும். மழை பெய்தபின் அதே மாட்டை வாங்கச் சென்றால் விலை ஏறி நிற்கும். கோடையில் விற்று மழையில் வாங்குபவன் இருமுறை இழக்கின்றான்.

இக்குடும்பத்திலும் அந்நாள் வந்தது. பள்ளி திறக்கும் காலம். பிள்ளைகளுக்குச் சீருடையும் நூல்களும் வாங்கப் பணம் வேண்டும். போரிலோ இருபது நாட்களுக்கு மேல் தட்டு இல்லை. பசுவைக் கொடுத்துவிடலாமா என்று கணவன் தயங்கினான். முதிய தாய் போரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "ஆட்டுக்குட்டி இரண்டை விற்றால் அது இந்த ஆண்டு வரவு, மகனே. பசுவை விற்றால் வரும் ஆண்டுப் பாலும் போகும், எருவும் போகும்" என்றார். மனைவியும் அவ்வாறே கருதினாள். குட்டிகள் இரண்டு விலையாயின. தட்டு நறுக்கி, அளந்து இடப்பட்டது. கொறங்காட்டில் உதிர்ந்த வெள்வேலங்காய்களைப் பிள்ளைகள் கூடைகூடையாகப் பொறுக்கிவந்தனர். பசு தொழுவில் நின்றது.

இனி உணவு. அடுப்பு, விறகு, பொறி எவையும் வேண்டாத ஒரு தொழிற்சாலை கோடை வெயில். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் ஈரமின்றிப் பெருகா. ஆதலால் நன்கு உலர்ந்த பொருள் நெடுநாள் கெடுவதில்லை. உப்பும் பொருளிலுள்ள நீரை வெளியே ஈர்த்துவிடுகின்றது. கத்தரி, கொத்தவரை, சுண்டை, மிளகாய் ஆகியவை வற்றலாகும். மாங்காய் உப்பில் ஊறும். புளி ஓடும் கொட்டையும் நீங்கி உப்புடன் பானையில் அடையும். உலர்த்தும் பொருளைத் தரையிலன்றிக் கட்டிலின்மேல் துணி விரித்துப் பரப்பினால் புழுதியும் ஈரமும் அணுகா. பயறுகளை முழுதாக வைப்பதினும் காயவைத்துப் பருப்பாக உடைத்து வைத்தால் வண்டு எளிதில் தாக்காது. கார்த்திகை மழையில் கறியின்றி வீடு தவிக்கும்போது, சித்திரை வெயில் வற்றல் வடிவில் வந்து உதவும்.

இவை எல்லாவற்றினும் அருமையானது விதை. பசித்த வீட்டில் விதைத் தவசமே இறுதியில் உலைக்குச் செல்லும். அதற்கு இடங்கொடாது காத்தல் பெருஞ்செயல். கம்பும் சோளமும் நல்ல கதிர்களாகத் தேர்ந்து தனியே உலர்த்தப்பட்டு, மண்கலங்களில் வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு மூடிவைக்கப்படும். சுரை, பீர்க்கு விதைகள் சாம்பலில் புரட்டி வைக்கப்படும். துவரைவிதை செம்மண் குழம்பு பூசிக் காய்ந்து இருக்கும்.

காத்த விதை முளைக்குமா என்பதையும் முன்னரே அறிதல் வேண்டும். ஆனித் திங்களில் நூறு விதைகளை எண்ணி எடுத்து, நனைந்த சாக்குத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் உலராது நிழலில் வைத்தால், ஒரு வாரத்தில் முளைத்தவற்றை எண்ணிவிடலாம். எண்பதுக்கு மேல் முளைப்பின் நல்ல விதை. மிகக் குறையின், அண்டை வீட்டாரிடம் நல்ல விதை மாற்றிக்கொள்ள அப்போதும் நாள் உண்டு. விதைத்தபின் அறிவதால் பயனில்லை. பிள்ளைகள் இதனை மகிழ்வுடன் செய்வர். அக்காலத்தே உதிரும் வேப்பம்பழங்களைத் திரட்டிக் கொட்டையை நிழலில் உலர்த்துவதும் அவர்களுக்குரிய பணியே. அதன் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவில் ஊறவைத்து வடிகட்டித் தெளித்தால், இலை தின்னும் புழுக்கள் பல விலகும்.

இத்தனை செய்தும் ஒரு குடும்பம் தனித்து நிறைவு பெறுவதில்லை. கிணறு தூர்வாரும்போது அயலார் ஐவர் கை கொடுக்கின்றனர். அவர்தம் கிணற்றுக்கு இவர்கள் செல்கின்றனர். ஒரு வீட்டு விதை கெட்டால் மறுவீட்டு விதை உதவுகின்றது. இது கடனன்று, கொண்டும் கொடுத்தும் வாழும் உறவு. கொடுப்பதற்குத் தன்னிடமும் ஒன்று வைத்திருப்பவனே இவ்வுறவில் தலைநிமிர்ந்து நிற்க இயலும்.

ஆடி பிறந்தது. ஓர் இரவு நல்ல மழை பெய்தது. மண்ணின் ஈரம் நிற்பது சில நாட்களே. அதற்குள் விதைத்தாக வேண்டும். ஊரில் விதை வாங்கப் பணந்தேடிச் சென்றோர் பலர். இக்குடும்பத்தின் நிலம் முன்னரே உழுது கிடந்தது. எரு மண்ணோடு கலந்திருந்தது. முதிய தாய் விதைக்கலத்தை இறக்கி, அதன் மூடியைத் திறந்து மருமகளின் கையில் கொடுத்தார். விடியலில் விதைப்புத் தொடங்கிற்று. கோடையில் அவர்கள் ஓய்ந்திராமையின் பயன் அந்த ஒரு விடியலில் விளங்கிற்று.