நெடுஞ்சாலையும் நேர்மையான எண்ணும்

சாலை கல்லாலும் தாராலும் அமைவது என்பர். ஆயின், அதற்கு முன்னரே அஃது எண்களால் அமைந்துவிடுகின்றது. அவ்வெண்களைத் திரட்டி, பிழை நீக்கி, பொருள் காண்பவரே தரவுப் பகுப்பாய்வாளர். அவர்தம் பணியின் இயல்பை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவடிக்கு மேற்கேயுள்ள நெமிலிச்சேரியை எடுத்துக்கொள்வோம். சென்னை வெளிவட்டச் சாலையின் முதற்கட்டம் வண்டலூரிலிருந்து இவ்வூர்வரை ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்தில் அமைந்து, 2014ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. இங்கிருந்து மீஞ்சூர் செல்லும் இரண்டாம் கட்டம் 2021இல் திறக்கப்பெற்றது. முதற்கட்டம் ஆண்டுத்தொகை முறையில் அமைந்தது. அதாவது, நிறுவனம் சாலையை அமைத்துப் பேண, அரசு அதற்குக் குறித்த தவணைகளில் பணம் வழங்கும். வண்டிகள் மிகினும் குறையினும் தவணை மாறாது. எனவே, போக்குவரத்து பற்றிய கணிப்பு பிழைபடின் அச்சுமை பொதுப்பணத்தின்மீதே விழும்.

இத்தகைய திட்டங்களில் பகுப்பாய்வாளர் பணி மூவகைப்படும்.

முதலாவது எண்ணுதல். சந்தை நாளும் விடுமுறை நாளும் வேறுபடுதலின், தொடர்ந்து ஏழு நாள், இரவும் பகலும் வண்டிகளை எண்ணுதல் மரபு.

இரண்டாவது ஒப்பாக்கல். இந்தியச் சாலைக் காங்கிரசின் 1990ஆம் ஆண்டு நெறிமுறையில் மகிழுந்து 1 எனின், இருசக்கர வண்டி 0.5, பேருந்து 3, மாட்டுவண்டி 8. மெதுவாகச் செல்லும் வண்டி பின்வருவனவற்றை நெடுநேரம் தடுத்து நிறுத்துதலே இதற்குக் காரணமாகும்.

மூன்றாவது முன்கணித்தல். இருபது ஆண்டுகளுக்குப் பின் எத்தனை வண்டிகள் வரும் என்பதை இன்றைய கணக்கிலிருந்து உய்த்துணர்தல் வேண்டும்.

அறம் சோதிக்கப்படுவது இம்மூன்றாம் பணியிலேயாம். பெண்ட் ஃபிளைவ்பியர்க் முதலிய அறிஞர் 14 நாடுகளின் 210 திட்டங்களை ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். இருப்புப்பாதைத் திட்டங்களில் பத்தில் ஒன்பதில் பயணியர் தொகை மிகையாகக் கணிக்கப்பட்டிருந்தது. சாலைத் திட்டங்களிலோ பாதியில் கணிப்பு 20 விழுக்காட்டிற்குமேல் பிழைத்திருந்தது. திட்டம் நிறைவேற வேண்டும் என்னும் விருப்பம் எண்ணுக்குள் புகுந்துவிடுதலும் இதற்கொரு காரணம் என்பர். அவ்வாறு வீணாகும் பணம் ஒரு பள்ளிக்கோ குடிநீர்க்கோ சென்றிருக்கக்கூடியது என்பதை மறத்தலாகாது.

சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், தமக்கு உவப்பான பாடத்தையன்றிச் சான்றுள்ள பாடத்தையே கொள்வார். பகுப்பாய்வாளர்க்கும் அதுவே நெறி. புள்ளியியலும் கணிப்பொறியும் பயிலும் மாணவர் இத்துறையில் புகலாம். ஆனால், கேட்பவர் விரும்பும் எண்ணைக் கூறாது, கண்ட எண்ணைக் கூறும் துணிவையும் உடன்கொண்டு செல்க.